கனவான் திருடன் என்பவன் யார்? ஹிட்ச்காக்கின் பூனை வழியாக ஓர் அறிமுகம்

படம் தொடங்கும்போது ஒரு பயண முகவர் அலுவலகத்தின் கண்ணாடிச் சன்னல் தெரிகிறது. பிரான்சுக்கு வாருங்கள் என்று அழைக்கும் வண்ணத் தாள்கள் உள்ளே தொங்குகின்றன. உல்லாசமான இசை ஓடுகிறது, கேமரா மெல்ல நெருங்குகிறது. சட்டென்று ஓர் அலறல். முகமெல்லாம் களிம்பு பூசிய நடுவயதுப் பெண் ஒருத்தி, தன் நகைகள் போய்விட்டன என்று கூவுகிறாள். அடுத்து இரவு, ஓட்டுக் கூரையின் மேல் ஒரு கறுப்புப் பூனை நடந்து போகிறது. விடிந்ததும் இன்னோர் அறையிலிருந்து இன்னோர் அலறல். மறுபடி பூனை, மறுபடி அலறல். இரண்டே நிமிடத்தில் நமக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது: தெற்கு பிரான்சின் கடற்கரைச் சொகுசு விடுதிகளில் யாரோ ஒருவன் பூனையைப் போல வந்து நகைகளை எடுத்துக்கொண்டு போகிறான்.

ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கி 1955-இல் வெளிவந்த 'டு கேட்ச் எ தீஃப்' படத்தின் தொடக்கம் இது. கேரி கிராண்ட் கதாநாயகன், கிரேஸ் கெல்லி கதாநாயகி. 'கனவான் திருடன்' என்ற கதைமரபைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. அந்த மரபு எதை நம்பி நிற்கிறது, அதன் பலவீனம் எங்கே இருக்கிறது ஆகிய இரண்டையும் இந்த ஒரே படம் காட்டிவிடுகிறது. முடிவையும் பேசாமல் இதை விளக்க முடியாது. எனவே படத்தைப் பார்த்துவிட்டுப் படிக்க நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கனவான் திருடன் என்றால், நல்ல உடை உடுத்தி, நயமாகப் பேசி, மேட்டுக்குடி விருந்துகளில் ஒருவனாக அமர்ந்து, அதே விருந்தினர்களின் நகைகளைக் கொண்டுபோகிறவன். பூட்டை உடைக்கும் முரடன் என்று அவனைச் சொல்ல முடியாது. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் ராபின் ஹூட் வகையிலும் அவன் சேரமாட்டான். எடுத்ததை அவனே வைத்துக்கொள்கிறான். ஆனாலும் வாசகர்களும் ரசிகர்களும் அவன் பிடிபடக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொள்கிறார்கள். இது எப்படி நடக்கிறது என்பதுதான் விளக்க வேண்டிய விஷயம்.

இந்தப் பாத்திரத்துக்கு ஆங்கிலத்தில் நிலையான வடிவம் தந்தவர் ஈ. டபிள்யூ. ஹார்னங். 1898-இல் ஒரு மாத இதழில் ராஃபிள்ஸ் என்ற திருடனின் கதைகளை அவர் எழுதத் தொடங்கினார். மறு ஆண்டே அவை நூலாக வந்தன. இதில் ஒரு குடும்பச் சுவாரசியமும் உண்டு. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலின் தங்கையைத்தான் ஹார்னங் மணந்திருந்தார். மைத்துனர் துப்பறிவாளனையும் அவனுடைய நண்பன் வாட்சனையும் படைத்தார் என்றால், இவர் திருடனையும் அவனுடைய நண்பன் பன்னியையும் படைத்தார். முதல் தொகுப்பை டாயிலுக்கே காணிக்கையாக்கவும் செய்தார். டாயிலுக்குக் கதைகளின் எழுத்து பிடித்திருந்தது, கருத்து பிடிக்கவில்லை. குற்றவாளியை நாயகனாக்கக் கூடாது என்று மைத்துனரிடம் சொன்னதாகத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. ராஃபிள்ஸை வாசகர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது.

ராஃபிள்ஸ் ஒரு கிரிக்கெட் ஆட்டக்காரன், சுழற்பந்து வீச்சாளன். அன்றைய இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் இரண்டு சாதிகள் இருந்தன என்றே சொல்லலாம். கூலி வாங்காமல் ஆடிய மேட்டுக்குடியினர் 'கனவான்கள்', கூலிக்கு ஆடியவர்கள் 'ஆட்டக்காரர்கள்'. பல மைதானங்களில் இரு தரப்பும் வேறு வேறு வாசல் வழியாகத்தான் களத்துக்குள் வந்தார்கள். 1962-இல்தான் இந்தப் பிரிவினை ஒழிந்தது. ராஃபிள்ஸ் களத்தில் கனவான் பக்கத்தவன், அதாவது கூலி வாங்காதவன். அப்படியானால் ஆல்பனி என்ற விலையுயர்ந்த குடியிருப்பில் வசிக்கவும், மாலை விருந்துகளுக்கான உடைகளுக்கும், சிகரெட்டுக்கும் பணம் எங்கிருந்து வரும்? திருட்டிலிருந்துதான். கனவானாக நீடிப்பதற்கே அவன் திருட வேண்டியிருக்கிறது. விருந்துகளுக்கு அவனை அழைப்பவர்களும் அவன் குடிப்பிறப்புக்காக அழைக்கவில்லை, பந்து வீச்சுக்காக அழைக்கிறார்கள். அவனுக்கு அது தெரியும், உள்ளுக்குள் உறுத்தவும் செய்கிறது. இந்த நுணுக்கத்தைத் தவறவிட்டால் ராஃபிள்ஸ் வெறும் சாகசக்காரனாகத் தெரிவான்.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1944-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ராஃபிள்ஸை ஆராய்ந்தார். அவனுக்குச் சமயமோ பெரிய அறநெறியோ கிடையாது, சில 'செய்யத் தகாதவை' மட்டும்தான் உண்டு என்பது அவருடைய கணிப்பு. கொலை செய்ய மாட்டான். கூடுமானவரை ஆயுதம் எடுக்க மாட்டான். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போனால் விருந்தளித்தவரிடம் கைவைக்க மாட்டான்; ஆனால் சக விருந்தாளியின் நகையை எடுப்பான். படிக்கும்போது சிரிப்பு வருகிற இந்த விதிகள்தான் இந்தக் கதைமரபின் அஸ்திவாரம். கனவான் திருடனுக்கு மனசாட்சியின் இடத்தில் நடத்தைமுறை இருக்கிறது.

பிரான்சில் 1905-இல் மோரிஸ் லெப்லாங் படைத்த ஆர்சேன் லூப்பன் இன்னும் விளையாட்டுத்தனம் உள்ளவன். அவனுடைய முதல் கதையே அவன் கைதாகும் கதைதான். அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல் ஒன்றுக்குக் கம்பியில்லாத் தந்தி வருகிறது: முதல் வகுப்பில் லூப்பன் இருக்கிறான், பொன்னிற முடி, வலது முன்கையில் காயம், பெயரின் முதல் எழுத்து... அந்த இடத்தில் புயலால் செய்தி அறுந்துவிடுகிறது. பயணிகள் ஒருவரையொருவர் சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். கடைசியில் தெரிகிறது, இத்தனை நேரம் நமக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தவனே லூப்பன். நகைகளை அவன் தன் கோடக் கேமராவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். கைதாகும் நேரத்தில் அந்தக் கேமரா, அவன் மனதைக் கவர்ந்த இளம்பெண்ணின் கையில் இருக்கிறது. அவள் என்ன செய்வாள்? படகுத்துறைப் பாலத்தில் இறங்கும்போது, கை தவறியதுபோல அதைக் கடலில் விட்டுவிடுகிறாள். நகையைத் திருப்பித் தரவும் இல்லை, அவனுக்குக் கொடுக்கவும் இல்லை. 120 ஆண்டுகள் கழித்தும் அந்த ஒரு செயலை வாசிக்கையில் எனக்குச் சிலிர்க்கிறது.

ஏன் எப்போதும் நகை? கனவான் திருடன் தானியக் கிடங்கையோ தொழிலாளிகளின் சம்பளப் பெட்டியையோ கொள்ளையடிப்பதில்லை. நகைக்கென்று சில தனிக்குணங்கள் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும். கற்களைப் பிரித்து, வேறு வடிவில் பட்டை தீட்டி, பொன்னை உருக்கிவிட்டால் யாருடையது என்று சொல்லும் அடையாளம் போய்விடும். அதைவிட முக்கியம், அதை அணிந்துகொண்டு நாலு பேர் நடுவே போக வேண்டும் என்பது. பெட்டகத்துக்குள் பூட்டியே வைத்தால் வைரம் வாங்கிய பயன் இல்லை. ஆகவே திருடன் விருந்துக்குள் நுழைந்தாலே போதும், சரக்கு தானாகவே கண்ணில் படும். அங்கே நுழைய அவனுக்கு வேண்டியவை கடப்பாரையும் சாவிக்கொத்தும் அல்ல. நல்ல தையல் உடையும் பேச்சுத் திறமையும்தான்.

இன்னொன்றும் உண்டு: காப்பீடு. இருபதாம் நூற்றாண்டின் பணக்கார நகைகள் பெரும்பாலும் காப்பீடு செய்யப்பட்டவை. நகை போனால் உரியவருக்குப் பணம் வந்துவிடும். இழப்பு எங்கோ லண்டனில் இருக்கும் காப்பீட்டாளர்களின் கணக்கில் விழும். பார்வையாளரின் மனது இந்த இடத்தில்தான் லேசாகிறது. யாருடைய அடுப்பும் அணையவில்லை, யாரும் அழவில்லை என்ற எண்ணம் திருட்டை விளையாட்டாக மாற்றிவிடுகிறது. ஹிட்ச்காக் படத்தில் காப்பீட்டு ஆள் ஒருவர் முக்கியப் பாத்திரமாக இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கதைக்கு வருவோம். கேரி கிராண்ட் நடித்திருக்கும் ஜான் ரோபி ஒரு காலத்தில் 'பூனை' என்று பெயரெடுத்த நகைத் திருடன். சர்க்கஸில் ஊஞ்சல் ஆட்டக்காரனாக இருந்தவன். குழு ஐரோப்பாவில் நொடித்துப்போகவே, உடம்பில் இருந்த வித்தையை வேறு வேலைக்குப் பயன்படுத்தினான். பிடிபட்டுச் சிறைக்குப் போனான். இரண்டாம் உலகப் போரில் அந்தச் சிறையின் மேல் குண்டு விழுந்ததால் தப்பித்த கைதிகள், நாஜிகளுக்கு எதிரான பிரெஞ்சுத் தலைமறைவுப் படையில் சேர்ந்தார்கள். அந்தச் சேவைக்காக அவர்களுக்கு நிபந்தனையின் பேரில் விடுதலை கிடைத்தது. இப்போது ரோபி கடற்கரைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு வீட்டில் பூச்செடியும் திராட்சையும் வளர்த்துக்கொண்டு அமைதியாக வாழ்கிறான். அந்த நேரத்தில்தான் பழைய பூனையின் பாணியில் யாரோ திருடத் தொடங்குகிறார்கள். போலீசுக்கு அவன் மேல் சந்தேகம். பழைய கூட்டாளிகளுக்கோ, இவனால் நம் எல்லோருடைய விடுதலையும் போய்விடும் என்ற ஆத்திரம். குற்றமற்றவன் என்று நிரூபிக்க அவனுக்கு ஒரே வழிதான்: புதுத் திருடனைத் தானே பிடிக்க வேண்டும். பூனை எப்படி யோசிக்கும் என்று பூனைக்குத்தானே தெரியும்.

நாயகன் ஓய்வுபெற்ற திருடனாக இருப்பதற்கு, கதை வசதியைத் தாண்டிய ஒரு காரணம் உண்டு. அமெரிக்கத் திரைப்படத் துறை 1930-இல் தனக்குத்தானே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டது. 1934 முதல் அது கறாராக அமலானது. பார்வையாளரின் பரிவு குற்றத்தின் பக்கம் சாயக் கூடாது, திருட்டின் செய்முறையை விவரமாகக் காட்டக் கூடாது என்பவை அதில் அடங்கும். இதன் விளைவை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1932-இல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த 'ட்ரபிள் இன் பாரடைஸ்' படத்தில், திருட்டுக் காதலர்கள் இருவர் கொள்ளைப் பொருளோடு டாக்சியில் ஏறிச் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். விதிகள் இறுகிய பிறகு அந்தப் படத்தை மறுவெளியீடு செய்யவே அனுமதி கிடைக்கவில்லை. ராஃபிள்ஸ் கதையை ரொனால்டு கோல்மன் நடிப்பில் 1930-இல் எடுத்தபோது திருடன் நழுவித் தப்பினான். டேவிட் நிவன் நடிப்பில் 1939-இல் மறுபடி எடுத்தபோது சரணடையப் புறப்பட்டான். கதை கிட்டத்தட்ட ஒன்றுதான், முடிவை மாற்றியது காலம்.

1955-லும் அந்த விதிகள் உயிரோடு இருந்தன. திருடனை நாயகனாக்க வேண்டும், ஆனால் அவன் திருடக் கூடாது. இதற்கு ஹிட்ச்காக்கும் திரைக்கதையாசிரியர் ஜான் மைக்கேல் ஹேய்ஸும் கையாண்ட வழி அழகானது. திருட்டைக் கடந்த காலத்தில் வைத்துவிட்டார்கள். ரோபியின் நளினம், கூரை மேல் நடக்கும் துணிச்சல், வைரத்தைக் கண்டால் கண் போகும் பழக்கம் எல்லாம் அப்படியே இருக்கின்றன; குற்றம் மட்டும் இன்னொருவருடையது. அவன் தண்டனையையும் முன்பே அனுபவித்துவிட்டான். தொடக்கக் காட்சியில் பூனை ஏன் வந்தது என்பதும் இப்போது புரியும். சன்னலை எப்படித் திறந்தான், பெட்டகத்தை எப்படி உடைத்தான் என்று காட்டத் தடை இருக்கும்போது, ஒரு பூனையும் ஓர் அலறலும் போதும் என்று முடிவு செய்த கலைஞனின் கணக்கு அது. தடை இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு நல்ல தொடக்கம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. இதற்காகத் தணிக்கையைப் புகழ வேண்டியதில்லை, கெட்டிக்காரத்தனத்தைப் புகழலாம்.

இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சியில் துரத்தலும் இல்லை, முத்தமும் இல்லை. ஒரு மதிய உணவுதான். லண்டன் லாய்ட்ஸ் காப்பீட்டுச் சந்தையைச் சேர்ந்த ஹ்யூசன் என்ற நேர்மையான, கொஞ்சம் விறைப்பான மனிதரை ரோபி தன் வீட்டுக்கு அழைக்கிறான். பணக்கார வாடிக்கையாளர்களின் பெயர்ப் பட்டியல் அவனுக்கு வேண்டும். அடுத்து யாருடைய நகை குறிவைக்கப்படும் என்று அதை வைத்துத்தான் கணிக்க முடியும். மலைச்சரிவில் திறந்த வெளியில் மேசை. வீட்டுப் பணிப்பெண் ஜெர்மேன், முட்டையும் பாலேடும் சேர்த்துச் சுட்ட அப்பம் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறாள். ஹ்யூசன் சாப்பிட்டுப் பார்த்து, என்ன மென்மையான கைப்பக்குவம் என்று வியக்கிறார். ஆமாம், போரின்போது ஒரு ஜெர்மானியத் தளபதியைச் சத்தமே வராமல் கழுத்தை நெரித்துக் கொன்ற கைகள் அவை என்று ரோபி அமைதியாகச் சொல்கிறான். ஹ்யூசன் தன் தட்டைப் பார்க்கும் பார்வையைக் கவனியுங்கள்.

பிறகு பேச்சு திருட்டைப் பற்றித் திரும்புகிறது. திருடிய பணம் என்று ஹ்யூசன் முகம் சுளிக்கிறார். ரோபி கோபப்படாமல் கேள்வி கேட்கிறான். விடுதியிலிருந்து சாம்பல் கிண்ணமோ துண்டோ எடுத்துப் போனதே இல்லையா? அதெல்லாம் நினைவுப் பொருட்கள், விடுதிக்காரர்களே எதிர்பார்ப்பதுதான் என்கிறார் அவர். அப்படியானால் நீங்களும் திருடன்தான், தொழில்முறைத் திருடன் இல்லை, அவ்வளவுதான் என்று ரோபி முடிக்கிறான். ராஃபிள்ஸ் காலத்தில் மைதானத்தைப் பிரித்த அதே கோடு இங்கே ஒரு சாப்பாட்டு மேசையைப் பிரிக்கிறது, தலைகீழாக. கனவானாக வந்து உட்கார்ந்தவர் பொழுதுபோக்குத் திருடர். திருடன் என்று முத்திரை குத்தப்பட்டவன் தொழிலைக் கற்று, பட்டு, விட்டவன். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஹ்யூசன் பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்.

இந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டால் படம் முழுக்க ஒரு நூல் ஓடுவது தெரியும். உணவகம் நடத்தும் பெர்த்தானி பழைய குற்றவாளிகளுக்கு வேலை கொடுத்து ஆதரிப்பதாகக் காட்டிக்கொள்கிறார். உள்ளே வேறு வியாபாரம் நடக்கிறது. கிரேஸ் கெல்லி நடித்த ஃபிரான்சஸ் ஸ்டீவன்ஸ் எண்ணெய்ப் பணத்தில் வளர்ந்த அமெரிக்கப் பெண். திருடன் என்று தெரிந்த பிறகுதான் ரோபியின் மேல் அவளுக்கு ஈர்ப்பே பிறக்கிறது, கூட்டுச் சேரலாமா என்று கூடக் கேட்கிறாள். அவளுடைய தாய் மட்டுமே வேடம் போடாதவள். வெளிப்படையாகக் குடிப்பாள், சூதாடுவாள், முட்டைப் பொரியலில் சிகரெட்டை நசுக்கி அணைப்பாள். (ஹிட்ச்காக்குக்கு முட்டை என்றாலே அருவருப்பு. ரோபி பெர்த்தானியின் உணவகத்துக்கு வரும்போதும் கண்ணாடியில் அவன் முகத்துக்கு நேராகப் பச்சை முட்டை ஒன்று வந்து உடைகிறது.) இந்தத் தாயாக ஜெஸ்ஸி ராய்ஸ் லாண்டிஸ் நடித்திருக்கிறார். படத்தில் யாரை நம்பலாம் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன். ரோபியை எல்லோரும் சந்தேகிக்கும் வேளையிலும், அவளுடைய நகைகளே களவு போன பிறகும், அவள் அவன் பக்கம் நிற்கிறாள்.

அடுத்து, பலரும் நினைவில் வைத்திருக்கும் வாணவேடிக்கைக் காட்சி. விடுதி அறை, வெளியே வானத்தில் வண்ணங்கள் சிதறுகின்றன. நன்றாகத் தெரியட்டும் என்று ஃபிரான்சஸ் விளக்குகளை அணைக்கிறாள். தோள் திறந்த வெள்ளை உடை, கழுத்தில் ஒளிரும் மாலை. ஓரிடத்தில் அவள் நகர்ந்து நிற்க, முகம் இருளுக்குள் போய்விடுகிறது. மாலை மட்டும் வெளிச்சத்தில் மின்னுகிறது. திருடனின் கண் எங்கே போகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பாருங்கள், தொட்டுப் பாருங்கள் என்று அவள் சீண்டுகிறாள். ரோபி நிதானமாகச் சொல்கிறான்: இந்த மாலை போலி என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போலி இல்லையே என்கிறாள் அவள். முத்தமும் வாணவேடிக்கையும் மாறி மாறி வருகின்றன. தணிக்கை எதைக் காட்ட விடாதோ அதை வானம் காட்டிவிடுகிறது.

காதல் காட்சியாக மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். கனவான் திருடன் கதைகளில் நகைக்கு உண்மையான வேலை மனிதர்களை உரைத்துப் பார்ப்பதுதான். ராஃபிள்ஸ் நகையின் வழியாகத் தன்னை அழைத்த வர்க்கத்தைச் சோதித்தான். லூப்பனின் கேமரா ஒரு பெண்ணின் மனதைச் சோதித்தது. இங்கே போலி வைரம் இருவரையும் சோதிக்கிறது. பழைய ஆசை இன்னும் அவனிடம் இருக்கிறதா? அவள் விரும்புவது அவனையா, அவனுடைய பழைய பெயரையா?

மர்மப் படமாக இதன் கதை எப்படி? இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹிட்ச்காக் 'யார் செய்தது' என்ற வகைப் புதிரை அவ்வளவாக மதித்தவர் அல்ல. பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் அவர் தந்த விளக்கம் புகழ்பெற்றது: மேசைக்கு அடியில் இருக்கும் வெடிகுண்டு திடீரென வெடித்தால் சில நொடி அதிர்ச்சி, குண்டு இருப்பது பார்வையாளருக்கு மட்டும் முன்பே தெரிந்தால் பல நிமிடப் பதைப்பு. அவருடைய பெரும்பாலான படங்கள் இரண்டாவது வகை. இந்தப் படமோ முதல் வகையின் சட்டகத்தில் அமைந்தது. திருடன் யார் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அதனால்தான் நடுப்பகுதியில் மர்மம் தளர்ந்து, காதலும் கடற்கரையும் முன்னுக்கு வருகின்றன. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. அவருடைய இன்னொரு படமான 'ரியர் விண்டோ' தரும் இறுக்கத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆனாலும் துப்புகள் நேர்மையாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. பெர்த்தானியின் மதுப் பொறுப்பாளர் ஃபுசார், நள்ளிரவில் கடலோர மாளிகை ஒன்றில் ரோபியைத் தாக்கிய சண்டையில் விழுந்து இறக்கிறார். போலீஸ் அவர்தான் திருடன் என்று வழக்கை மூடப் பார்க்கிறது. ரோபி ஒரே கேள்வியில் அதை உடைக்கிறான்: மரக்கால் வைத்தவர் செங்குத்தான கூரைகளில் எப்படி ஏறியிருப்பார்? அப்படியானால் யார்? ஃபுசாரின் மகள் டானியெல். தொடக்கத்தில் ரோபியை மோட்டார் படகில் ஏற்றிப் போனதே அவள்தான். பழைய காரை ஏன் வாங்க வேண்டும், அதைவிட மலிவாகப் புதிய கார் கிடைக்கும்போது என்று கடலில் மிதந்தபடி ஃபிரான்சஸைக் குத்திக்காட்டியதும் அவள்தான். படம் முழுக்க நம் கண்ணெதிரிலேயே இருக்கிறாள். பாத்திரங்களும் நாமும் ஆரம்பம் முதல் திருடனை 'அவன்' என்றே நினைத்துக்கொண்டிருப்பதால் அவள் நம் பார்வையில் விழுவதில்லை. 'கனவான்' திருடன் என்ற சட்டகமே அவளுக்கு முகமூடியாகிவிடுகிறது. இதை இயக்குநரின் மிகப் பெரிய குறும்பாக நான் கருதுகிறேன்.

உச்சக்காட்சியில் மாறுவேட நடனம். முகமூடி அணிந்து ஃபிரான்சஸுடன் இரவெல்லாம் ஆடிக்கொண்டிருப்பவன் ரோபி என்று போலீஸ் நம்புகிறது. முகமூடிக்குள் இருப்பவரோ காப்பீட்டுக்கார ஹ்யூசன். சாம்பல் கிண்ணம் எடுத்துப் போன அதே மனிதர், இப்போது திருடனின் வேடத்தில். உண்மையான ரோபி கூரையின் மேல் காத்திருக்கிறான். டானியெல் தவறி விழப் போகும்போது அவள் கையைப் பிடித்துத் தொங்கவிட்டபடியே, கீழே நிற்கும் போலீசுக்குக் கேட்கும்படி உண்மையைச் சொல்ல வைக்கிறான். பெர்த்தானிதான் பின்னால் இருந்து இயக்கியவர் என்பதும் வெளியே வருகிறது. கனவான் திருடனின் விதிப்படி ரத்தம் சிந்தவில்லை. ஆனால் ஒரு பெண்ணை அந்தரத்தில் தொங்கவிட்டு வாக்குமூலம் வாங்குவது கண்ணியமா என்ற கேள்வி எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது; கிராண்டின் முகத்திலும் அந்த நேரத்தில் பழைய நயம் இல்லை.

கிராண்டைப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1904-இல் ஆர்ச்சிபால்டு லீச் என்ற பெயரில் பிறந்தவர். பதின்வயதில் ஒரு கழைக்கூத்துக் குழுவில் சேர்ந்து, அதனுடன் அமெரிக்காவுக்குப் போனார். சர்க்கஸ்காரனாக இருந்து கனவானாக மாறிய ரோபியின் வேடம் அவருக்கு இவ்வளவு பொருந்துவதற்கு அதுவும் காரணம். நடிப்பிலிருந்து ஒதுங்கியிருந்த அவரை ஹிட்ச்காக் திரும்ப அழைத்து வந்தார். படமெடுக்கும்போது அவருக்கு வயது 50. கெல்லிக்கு அதில் பாதிதான். ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸுக்கு இந்தப் படம் ஆஸ்கர் விருது பெற்றுத் தந்தது. 'விஸ்டாவிஷன்' என்ற அகலத்திரை முறையில், மலைச்சாலையில் ஓடும் கார்களை மேலிருந்து எடுத்த காட்சிகளையும், பச்சை பாய்ந்த இரவுக் கூரைகளையும் முடிந்தவரை பெரிய திரையில் பாருங்கள்.

உண்மை வாழ்க்கை இந்த மரபுக்கு எவ்வளவு தூரம் என்பதற்குச் சான்றாக ஒரு சம்பவம். படத்தின் பல காட்சிகள் நிகழும் இடம் தெற்கு பிரான்சின் கான் நகரில் உள்ள கார்ல்டன் விடுதி. 2013 ஜூலையில் அதே விடுதியில் நடந்த வைரக் கண்காட்சிக்குள் பட்டப்பகலில் ஒருவன் நுழைந்தான். துப்பாக்கியைக் காட்டி, 10 கோடி யூரோவுக்கும் மேல் மதிப்புள்ள நகைகளை அள்ளிக்கொண்டு ஓடினான். மாலை உடை இல்லை, நயப்பேச்சு இல்லை. துப்பாக்கி வந்த கணமே கனவான் வெளியேறிவிடுகிறான். எதிரே நிற்பவரின் பயம் உள்ளே வந்துவிடுகிறது. கதைகள் கவனமாக ஒதுக்கி வைத்திருப்பது இந்தப் பயத்தைத்தான்.

இந்தப் படம் பிடித்துப்போனால், அடுத்து 1932-இன் 'ட்ரபிள் இன் பாரடைஸ்' படத்தைப் பார்க்கலாம். தணிக்கை இறுகுவதற்கு முன் இந்த மரபு எவ்வளவு சுதந்திரமாக மூச்சுவிட்டது என்பது தெரியும். பிறகு 1963-இன் 'தி பிங்க் பாந்தர்'. 1939-இல் ராஃபிள்ஸாக நடித்த அதே டேவிட் நிவன் அதில் சீமான் வேடத்தில் நகை திருடுகிறார். ஆனால் படத்தை அவரிடமிருந்து களவாடிக்கொண்டு போவது பீட்டர் செல்லர்ஸ் நடித்த தடுமாறும் போலீஸ் அதிகாரி. அடுத்தடுத்த படங்களும் அந்த அதிகாரியைச் சுற்றியே எடுக்கப்பட்டன. வாசிக்க விரும்புகிறவர்கள் லூப்பனின் அந்தக் கப்பல் கதையிலிருந்து தொடங்கலாம். ஒரே அமர்வில் முடித்துவிடக்கூடிய அளவுதான்.